கண்ணாடிப் பிளாஸ்திரி

எங்கள் வீட்டில் முதலில் சாகப்போவது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்குத் துளியும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியதிலிருந்து நான் செத்துக்கொண்டேதான் இருந்தேன். சூரியநெல்லியிலிருந்து மலை உச்சிக்குச் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிப்போவது என் தொழில். அந்தப் பாறைவழியில் வண்டி குலுங்குகிற குலுக்கலில் வயிற்றிலிருக்கும் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் நெஞ்சுக்கு ஏறும். உடனே இடது தோள் வலிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது தோளும் வலிக்கும். ஒருமுறை பாதிவழியில் வண்டியை நிறுத்தி, இந்தி பேசுகிற ஒரு புதுமணத் தம்பதியிடம் என் மகளின் போன் நம்பரைக் கொடுத்து, விஷயத்தை அவளிடம் பக்குவமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்தேன். அந்தப் பெண் அழுதேவிட்டாள். பிறகு எனக்கு ஒரு ஏப்பம் வந்தது. மீதி மலையை ஏறினோம்.

என் மனைவி இதற்கெல்லாம் அசையமாட்டாள். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். நான் போன் பண்ணி, "புள்ள, எனக்கு நெஞ்சை அடைக்குது, வந்து முகத்தைப் பாத்துக்கோ" என்றால், "செத்தா சொல்லி அனுப்புங்க. எடை போட்டுட்டு வாறேன்" என்று வைத்துவிடுவாள். பக்கத்தில் நிற்கும் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே பாதி வலி போய்விடும்.

எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி டாக்டர் என்னை வருடக்கணக்காகப் பொறுத்துவந்தார். எடுக்காத படம் இல்லை. எல்லாவற்றிலும் என் இதயம் நன்றாக இருப்பதாகவே வந்தது. மெஷின்கள் கூடிப் பேசிக்கொண்டு என்னை ஏமாற்றுகின்றன என்று நான் நம்பினேன். கடைசியில் ஒருநாள் அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய உறையை எடுத்தார்.

"சேட்டா, இது ஒரு காலேஜில புதுசா உண்டாக்கினது. நெஞ்சில ஒட்டிட்டு நடந்தா போதும். ராவும் பகலும் ஹார்ட்டை இது நோக்கிக்கும். சேட்டன் சேட்டன்றெ ஜோலியைப் பாத்தா போதும்."

உறைக்குள் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பாலாடையைவிட மெல்லிய ஒரு தோல், உள்ளங்கை அகலத்துக்கு. அதன் வழியே டாக்டரின் மூக்கு தெரிந்தது. இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தார். ரப்பர்போல நீண்டது, விட்டதும் சுருங்கியது. உள்ளே மயிரைவிட நுண்ணிய வெள்ளி இழைகள் வலைபோல ஓடுகின்றனவாம், கண்ணுக்குத் தெரியாதாம். ஓரத்தில் அரிசி அளவு ஒரு வெளிறிய புள்ளி மட்டும் இருந்தது. மூச்சு வாங்கினால் நெஞ்சோடு சேர்ந்து அதுவும் விரியும். வேர்த்தாலும் நனைந்தாலும் உரியாது. இதயம் துடிக்கிற கோடு என் போனில் ஓடும், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகளின் போனிலும் ஓடும், ஆஸ்பத்திரிக்கும் போகும். போன் பக்கத்தில் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் தனக்குள்ளேயே சேர்த்துவைத்துக்கொண்டு, பிறகு மொத்தமாக ஒப்பித்துவிடும்.

ஒட்டுவதற்காக ஒரு சிஸ்டர் என் நெஞ்சுமுடியை வழித்தார். பழனிக்கு நேர்ந்துகொண்டதுபோல ஆகிவிட்டது நெஞ்சு.

வீட்டில் மனைவி தடவித்தடவிப் பார்த்தாள். "எங்கங்க அது? ஒண்ணயும் காணும்."

"கண்ணாடியில செஞ்ச பிளாஸ்திரியாக்கும்."

"இல்லாத நோவுக்குத் தெரியாத பிளாஸ்திரி. பொருத்தமாத்தான் குடுத்திருக்காரு."

அன்றிலிருந்து எங்கள் லயத்து வீடுகள் முழுக்க அதற்குக் கண்ணாடிப் பிளாஸ்திரி என்றே பெயர்.

ஒட்டிய பிறகுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. கொண்டைஊசி வளைவில் மறைவாக நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் கோயம்புத்தூரிலிருந்து போன் வரும். "அப்பா, என்ன பண்றீங்க? திடீர்னு ஏறுது." பெற்ற பிள்ளை நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டால் மனுஷன் எங்கே போய் ஒளிவான்?

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சக டிரைவர் ஒருவன் புது ஜீப் எடுத்துப் பூஜை போட்டிருந்தான். பூஜைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், கோயம்புத்தூருக்குத் தெரியக்கூடாது. பிளாஸ்திரியைக் கழற்றினாலும் அவளுக்குக் கோடு நின்றுபோகும். அதற்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். அங்கே எதுவும் ஒருவருக்கு மட்டும் என்று கிடையாது. சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றுதான், அது எல்லோர் விரலையும் குத்தும். வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று, ரேஷன் கார்டைப் படிக்கவேண்டியவர் மூக்குக்கு அது போகும். டிஸ்பென்சரியில் ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை அந்த வரிசையில் காய்கிற எல்லாக் காய்ச்சலும் பங்குபோட்டுக்கொள்ளும். மருந்து ஆளுக்கு உரியதல்ல, வியாதிக்கு உரியது என்பது எங்கள் கணக்கு. ஆகவே பிளாஸ்திரியை உரித்து மனைவியிடம் நீட்டியபோது எனக்கு எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

"எனக்கெதுக்கு இந்தச் சனியன்?"

"ஒரு பகல் மட்டும் போட்டுரு புள்ள. அவளுக்கு ஒரு கோடு ஓடணும், அவ்வளவுதான். யார் கோடுன்னு அதுக்கா தெரியப்போகுது?"

"குடிக்கப் போறதுக்கு என் நெஞ்சை ஜாமீன் வைக்கீகளா?" என்றாள். ஆனால் ஒட்டிக்கொண்டாள். நான் போன பிறகு, நான் விட்டுப்போன என் போனை அடுப்படியில் வைத்துவிட்டு வழக்கம்போல மேட்டுக்கு விறகு பொறுக்கப் போயிருக்கிறாள். அவள் மேடேறிய நேரத்துக் கோடு மகளுக்குப் போகாமல் பிளாஸ்திரிக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. சாயங்காலம் நான் வந்ததும் பிளாஸ்திரி என் நெஞ்சுக்குத் திரும்பியது. வாயில் ஏலக்காயோடு நல்லபிள்ளையாகப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். உடனே வரவேண்டும், வண்டி ஓட்டக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது, கூட ஆள் வேண்டும்.

இத்தனை வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது கடைசியில் ஒரு மெஷினுக்காவது புரிந்துவிட்டதே என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் சாவு ஞாபகம் வந்தது. புது ஜீப்பின் பின்சீட்டில் மனைவி மடியில் தலைவைத்துப் படுத்தேன். அடிமாலி வருவதற்குள் மகள் கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று சொல்லிமுடித்தேன். நேரியமங்கலம் பாலம் தாண்டும்போது என்னை எரிப்பதா, புதைப்பதா என்ற பேச்சு வந்தது.

"எரிச்சா நம்ம மலையில விறகு ஈரம். பொதைச்சா மழைத்தண்ணி ஊறும். ரெண்டும் ஒத்துவரலேங்க. பொழச்சு வாங்க," என்றாள்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துச் சாய்வுப்பாதையில் ஏற்றினார்கள். அவள் என் செருப்பையும் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்து, "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல. கால்ல என்னமோ குத்திருச்சு," என்று குனிந்துகொண்டாள். சுத்தமாகத் துடைத்த ஆஸ்பத்திரித் தரை அது.

மறுபடி எல்லாம் எடுத்தார்கள். என் இதயம் கல்லுக்குண்டுபோல இருந்தது. டாக்டர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஒரு கோடு, எழுதத் தெரியாத குழந்தை கிறுக்கியதுபோல ஒரே கோணல். சில இடத்தில் நெருக்கியடித்து, சில இடத்தில் விட்டுவிட்டு.

"இது ஞாயிறாழ்ச்ச பகல். அப்போ சேட்டன் எந்தா செஞ்சது? கல்லு ஏதாவது சுமந்தோ?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நான் ஒரு முட்டாள். அந்த இடத்திலும் எனக்கு வந்த பயம், குடித்தது மகளுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான். இழுத்து இழுத்துக் கடைசியில் சொன்னேன். டாக்டர் விழுந்துவிழுந்து சிரித்தார். சிஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன், உயிர் திரும்பக் கிடைத்தவன் சிரிக்கிற சிரிப்பு. முதலில் நிறுத்தியது டாக்டர். அவர் கோட்டைத் திரும்பப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"சேச்சி, ஒந்நு இங்க வந்து இருக்குமோ?" என்று என்னை எழச்சொல்லி, என் நாற்காலியை அவளுக்குக் காட்டினார்.

சின்ன வயதில் தொண்டைவலியும் மூட்டு வீக்கமுமாக ஒரு காய்ச்சல் வந்திருக்குமே என்று கேட்டார். வந்தது என்றாள், லயத்தில் யாருக்கோ கொடுத்த மாத்திரை மிச்சமிருந்ததைக் கொடுத்தார்களாம், போய்விட்டதாம். போகவில்லை. இதயத்துக்குள் ஒரு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆபரேஷன் செய்யவேண்டும். தள்ளிப்போடக்கூடாது. அதுவரைக்கும் பிளாஸ்திரி அவள் நெஞ்சில் இருக்கட்டும் என்று அவள் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் நான்தான் அழுதேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"எஸ்டேட்டுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்ஃபிட்னு எழுதிருவாக."

அன்ஃபிட் என்றால் வேலை போகும். வேலையில் பெயர் இருக்கிறவரைதான் லயத்தில் வீடு. ஜீப் டிரைவருக்கு எஸ்டேட் வீடு கொடுக்காது. அவள் கூரைக்குக் கீழேதான் இத்தனை காலம் நான் குப்புறப்படுத்துச் செத்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் முன்னோரின் ஊர் என்று ஒரு பெயர் இருக்கிறது, நிலம் இல்லை. அங்கே போனால் நாங்கள் கேரளாக்காரர்கள். இங்கே பாண்டிகள்.

"வீடு என்ன புள்ள வீடு, உசுரு வேண்டாமா?"

"உசுரை எங்க வச்சுக்கிட? உங்க ஜீப்புலயா?" என்றாள். "கவாத்து நேரம் வரட்டும். செடியை வெட்டிட்டா கொழுந்து கம்மி. மக ஊட்டுக்குப் போறேன்னு லீவு சொல்லிக்கிடுதேன். பிளாஸ்திரிதான் வெளிய தெரியாதே."

அதுதான் அதன் பெருமை. ரவிக்கைக்குள் அவள் தோலோடு தோலாகக் கிடந்தது. சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. டிஸ்பென்சரிக்குத் தெரியவில்லை. குளிக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் மகளுக்கும் மட்டும் கையிலிருக்கும் போனில் எல்லாம் தெரிந்தது. நெஞ்சுக்குப் பக்கத்தில் தன் போனை ஜாக்கெட் பையில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

பிறகு வந்த மாதங்களில் நான் என் இதயத்தை மறந்தேபோனேன். வலிக்க அதற்கு நேரமில்லை. ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே போனைச் செருகிவைத்து, ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் கோட்டிலுமாக ஓட்டினேன். ஒரு சுற்றுலாக்காரப் பையன் எட்டிப் பார்த்து, "ஷேர் மார்க்கெட்டாண்ணா?" என்றான். "ஆமா தம்பி. இருக்கிறதெல்லாம் இதுலதான் போட்டிருக்கேன்," என்றேன். "இறங்குதே" என்றான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"மூச்சு வாங்குதா?"

"வாங்கலே."

"எனக்குத் தெரியுது புள்ள. மேட்டுல ஏறுதே. பையை இறக்கி வையி."

"இருபத்தஞ்சு வருசமா என் முகத்தை நேராப் பாக்காத மனுசன், இப்ப நெஞ்சுக்குள்ள எட்டிப் பாக்குதீக. வைங்க போனை."

வைத்துவிடுவேன். ஆனால் கோடு ஓடிக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் சத்தம் போட்டால் அது எப்படித் திடுக்கிடும், கொழுந்துப் பையைத் தலையில் ஏற்றும்போது எப்படித் தடுமாறும், மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்ததும் எப்படிக் களைத்துத் தணியும், எல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிற்று. அவள் என்னிடம் சொல்லாத ஒரு வாழ்க்கை முழுவதும் அந்தப் பச்சைக் கோட்டில் என் முன்னால் ஓடியது. என்ன பிரயோஜனம்? பார்க்கத்தான் முடிந்தது. பிளாஸ்திரி காட்டும், தாங்கிப் பிடிக்காது.

கவாத்து தொடங்கியதும் சொன்னபடி லீவு போட்டாள். அதற்குள் மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கப் பழகியிருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வருவதாக இருந்தது. ஆனால் வேறொரு நோயாளிக்குக் காய்ச்சல் வந்து அவர் முறை தள்ளிப்போக, இவளை ஒருநாள் முன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். காலையில் விஷயம் தெரிந்து, மகள் லீவு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்குள் பத்தரை ஆகிவிட்டது.

தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் சிஸ்டர் அவள் நெஞ்சிலிருந்து பிளாஸ்திரியை உரித்து, அவள் போனோடு என் கையில் கொடுத்தார். உள்ளே அவர்களுடைய மெஷின்கள் இருக்கின்றனவாம், இது வேண்டாமாம். "பயந்துகிட்டு மயங்கி விழுந்திராதீக. எனக்கு எந்திரிச்சு வந்து தூக்க முடியாது," என்றாள் அவள். கதவு சாத்தியது.

பிளாஸ்திரி என் உள்ளங்கையில் ஒன்றுமில்லாததுபோல் கிடந்தது. ஆனால் சூடாக இருந்தது, அவள் சூடு. கீழே வைத்தால் தூசி ஒட்டிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன். ஆறிப்போக விடக்கூடாது என்பதுதான் உண்மை.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். என்னைச் சேட்டா என்று கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைவைத்தார். இதயம் ரொம்பத் தளர்ந்திருந்தது, நிறுத்தி வேலை முடித்த பிறகு அதைத் திரும்பத் துடிக்கவைக்க முடியவில்லை என்று சொன்னார். சொன்னது எல்லாம் புரிந்தது. எழுந்து, "சரிங்க டாக்டர்," என்றேன். கடைக்காரர் இல்லை என்று சொன்ன சாமானுக்குத் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினேன்.

அவர் போன உடனே போன் அடித்தது. மகள்.

"அப்பா, பாலக்காடு தாண்டிட்டேன். அம்மாவை வெளிய கொண்டாந்துட்டாங்களா?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பிளாஸ்திரி மறுபடி போட்டிருக்காங்க போல. காலையில கொஞ்சம் நின்னுச்சு, பயந்தே போயிட்டேன். இப்ப ஓடுதுப்பா. கொஞ்சம் வேகமா இருக்கு, ஆனா எவ்வளவு ஒழுங்கா இருக்கு தெரியுமா? அம்மாவோடது இவ்வளவு ஒழுங்கா நான் பாத்ததே இல்ல."

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். பிறகு, "ஆமா. நீ பதறாம வா," என்றேன்.

"நான் எங்க பதறுறேன்? நீங்க பதறாம இருங்க. வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே வரேன்."

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அவள் தனியாக, ஜன்னலோர சீட்டில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். நான் உரித்தால் அங்கே கோடு நின்றுவிடும். வேகமாகத் துடித்தால் அவள் பயப்படுவாள். எனவே நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டேன். ஆயுள் முழுவதும் ஒரு ஏப்பத்துக்குக்கூடக் குடும்பத்தையே கூட்டி அழவைத்தவன், என் பெண்டாட்டி உள்ளே செத்துக்கிடக்கும்போது, என் நெஞ்சைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பதுபோல அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர்கள் வந்து கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். அழவில்லை. அழுதால் ஏறும்.

திருச்சூர் தாண்டியதும் ஒருமுறை கூப்பிட்டாள். "தூங்குறாங்களா? ரொம்ப நிதானமா இருக்கு." ஆமாம் என்றேன்.

அவள் வந்து வாசலில் நின்று என்னைத் தேடினாள். கையில் போன். அவள் என்னைப் பார்த்ததும் நான் எழுந்தேன். அவ்வளவு நேரம் அடக்கிவைத்தது எழுந்ததும் உடைந்தது. அவள் கையில் இருந்த கோடு துள்ளியிருக்கவேண்டும். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் போனைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, என் சட்டையின் மேல், சரியாக அந்த இடத்தில் கையை வைத்தாள்.

எஸ்டேட்டில் என் மனைவி பெயருக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் வேலைக்கு வந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டாம் என்றார்கள். மகள் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டாள். நான் ஜீப்பை விட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளப் போனேன். அந்தக் கூரைக்காகத்தானே அவள் அத்தனை நாள் தள்ளிப்போட்டாள். அதை விட்டுவிட்டுப் போக எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். "அண்ணே, செடி உங்களைக் கிள்ளிரப்போகுது, பாத்து," என்றார்கள். நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதுபோல நடித்துக்காட்டினேன். யாரும் சிரிக்காமல் போனதும் நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் மேட்டில், எடைக்குப் போகும் ஏற்றத்தில், நான் பின்தங்கிவிட்டேன். பை பாதிதான் நிறைந்திருந்தது. மனைவிக்குப் பக்கத்து நிரையில் எப்போதும் நின்றவள் என்னைத் தாண்டிப் போனாள். முன்னால் போகிற பெண்ணோடு மீன்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் பையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி என் பைக்குள் போட்டுவிட்டு நடந்தாள்.

"ஏம்மா, இது எதுக்கு?" என்றேன்.

அவள் நின்றாள். தன் கையைப் பார்த்தாள்.

"கை பழகிப்போச்சுண்ணே," என்றாள்.

அவளுக்குப் பின்னால் வந்தவளும் நின்றுவிட்டாள்.

"அவ நோவு உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"இந்த எடத்துக்கு வந்தா வெத்தலை போடணும்னு நிப்பா. வெத்தலையை வாயில வைக்கவே மாட்டா. தெரியாம எப்படிண்ணே? அவ சொல்லலே. நாங்களும் கேக்கலே."